ஒரு மாத்திரையும் கருணாம்பாள் அக்காவும்

ஜனவரி 9

மாத்திரையை மாற்றிவிட்டார்கள். காலையும் ராத்திரியும் மூன்று டப்பாக்களைத் திறந்து விழுங்கியதெல்லாம் முடிந்தது. இனி ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றே ஒன்று.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. எங்கள் விசைத்தறிப் பட்டறையில் மூன்று பேர் வேலையை ஒருத்தி தலையில் கட்டினால் துணி எந்த லட்சணத்தில் வரும் என்று பார்த்தவள் நான். "ஸ்டாக் இல்லாம கொறைச்சுக் குடுக்கறீங்களாங்க மேடம்?" என்று கேட்டேவிட்டேன்.

ஈரோடு ஆஸ்பத்திரியில் எங்களுக்கு ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் மேடம் சிரித்தார். "இல்லைங்க வசந்தாமணி. மூணு மருந்தும் இந்த ஒண்ணுக்குள்ளயே இருக்கு. பழசைவிட நல்ல மருந்து. ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க. கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, அல்சருக்குக் குடிக்கிற மருந்து, எதையும் இதோட சேர்த்துப் போடாதீங்க. வயித்துக்குள்ள ரெண்டும் ஒட்டிக்கிட்டு, மருந்து ரத்தத்துல சேராமலே வெளிய போயிடும். போட்டும் போடாத மாதிரி ஆயிடும். அப்படி ஏதாவது சாப்பிட்டா சொல்லுங்க, நேரம் பிரிச்சுத் தர்றேன்."

எனக்கு அந்த மாத்திரைகள் எதுவும் கிடையாது. சரி என்று வந்துவிட்டேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று தேதி போட்டு எழுதிவரச் சொல்லியிருக்கிறார். இந்த டைரி பட்டறை முதலாளி புது வருடத்துக்குக் கொடுத்தது. நானும் எச்.ஐ.வி.யும் சேர்ந்து குடித்தனம் நடத்திப் பதினொரு வருடத்துக்கு மேலாகிறது. இன்றுதான் முதல் தடவையாக அதைப் பற்றி எழுதுகிறேன்.

ஜனவரி 10

தலை சுற்றவில்லை. பட்டறைக்குப் போனேன். நூல் சுற்றினேன். வந்தேன்.

ஜனவரி 14

பொங்கல். ஒருத்திக்கு எதற்குப் பொங்கல் என்று நினைத்தேன், பிறகு வைத்தேன்.

ராத்திரி பழைய அலாரம் அடித்தது. நிறுத்த மறந்திருக்கிறேன். அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்தச் சத்தம்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

என் வீட்டுக்காரர் குமரேசனும் அவருடைய அண்ணனும் போர்வண்டி வைத்திருந்தார்கள். ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். அங்கிருந்து அவர் வாங்கிவந்து எனக்குக் கொடுத்த வியாதி இது. நான் மாத்திரை போட்டேன். அவர் கடைசிவரை போடமாட்டேன் என்று அடம்பிடித்துப் போய்ச் சேர்ந்தார்.

அவருடைய கருமாதி அன்று கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். என் பைக்குள் அலாரம் அடித்தது. எடுத்து நிறுத்துகிறேன் என்று பையைத் திறந்தவள் என் ஓரகத்தி, பெரியவர் பெண்டாட்டி, கருணாம்பாள் அக்கா. மூன்று டப்பாவையும் வெளியே எடுத்தாள். நர்ஸ் படித்த ஒரு சொந்தக்காரப் பெண்ணிடம் நீட்டி, இது எதற்கான மாத்திரை என்று கேட்டாள். அந்தப் பெண் தயங்கித் தயங்கி அக்கா காதில் சொன்னாள். அக்கா தயங்கவில்லை. கூடத்துக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள். நான் உட்கார்ந்திருந்த பாயிலிருந்து எல்லோரும் எழுந்தார்கள். முதலில் எழுந்தவள் அவள்தான்.

அதன் பிறகு எனக்குத் தனித் தட்டு. அடையாளத்துக்குச் சிவப்பு நகப்பாலிஷ் வைத்த தனி டம்ளர். ஒருநாள் என் பாய், தலையணை எல்லாவற்றையும் களத்தில் போட்டுக் கொளுத்தினாள். அடுத்து நான்தான் என்று புரிந்து கிளம்பிவிட்டேன். பேரில் மட்டும்தான் கருணை.

அன்றைக்கே இந்த ஒற்றை மாத்திரை இருந்திருந்தால் பர்ஸுக்குள் வைத்து யாருக்கும் தெரியாமல் விழுங்கியிருப்பேன். அந்த வீட்டில் இன்றும் இருந்திருப்பேன்.

இந்த டைரியை மேடத்திடம் காட்டப்போவதில்லை. அவருக்குத் தனியாக ஒரு தாளில் 'தலைவலி இல்லை, தூக்கம் உண்டு' என்று எழுதிக் கொடுத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 6

இன்று என்ன நடந்தது என்று எழுதக் கை பரபரக்கிறது.

திருச்செங்கோட்டில் யார் கண்ணிலாவது பட்டுவிடுவோம் என்று ஆற்றைத் தாண்டி ஈரோட்டில் போய் மாத்திரை வாங்குகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பொம்பளை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றிருந்தாள். முகத்தை மூடி என்ன, செருப்பைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நடக்கிற நடையை மூட முடியுமா? கருணாம்பாள் அக்கா.

"அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்றேன். வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாக.

திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். நழுவிய முந்தானையை இழுத்து மூடினாள். எனக்கு உள்ளே மேளம் கொட்டியது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, கொட்டியது.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினொரு வருடத்துக்குப் பிறகு என்னைத் தொடுகிறாள். "வசந்தா, யாருகிட்டயும் சொல்லிப்போடாத சாமி. குடலிறக்க ஆபரேசனுக்கு ரத்தம் எடுத்தப்பத்தான் தெரிஞ்சுது. உங்க மாமன் வண்டியோட வடக்க இருக்குது, அதுக்கே நான் இன்னும் சொல்லலை. வீட்டுல மருமக இருக்கறா. அவளுக்குத் தெரிஞ்சா…" என்று நிறுத்தினாள்.

தெரிந்தால் மருமகள் என்ன செய்வாள் என்று அக்காவுக்குத் தெரியாதா? அதே களத்தில் இவளுடைய பாயைக் கொளுத்துவாள்.

"நான் எதுக்குங்க்கா சொல்றேன்" என்றேன். ஊரைக் கூட்டிச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. சொல்லிவிட்டால் அதோடு முடிந்துபோகும். நான் எதற்கு அவசரப்பட வேண்டும்?

பிப்ரவரி 7

தலைவலி இல்லை. தூக்கம் அருமை.

மார்ச் 6

இருவருக்கும் ஒரே நாளில்தான் மாத்திரை. திரும்பும்போது பஸ்ஸில் கர்ச்சீப் போட்டு அவளுக்கும் இடம் பிடித்தேன். பக்கத்திலேயே உட்கார வைத்துப் பார்த்தால்தானே எனக்குத் திருப்தி. அவள் விளிம்பில் ஒட்டிக்கொண்டு வந்தாள்.

திருச்செங்கோட்டில் இறங்கியதும், "ரூமுக்கு வந்துட்டுப் போங்கக்கா" என்று கூட்டிவந்தேன். அந்த டம்ளரை நான் எறியவில்லை. நகப்பாலிஷ் பாதி உரிந்திருந்தது, இரண்டு நாளைக்கு முன்பே புதிதாக வைத்துவிட்டேன். அதில் தண்ணீர் கொடுத்தேன்.

பார்த்தாள். அடையாளம் தெரிந்துகொண்டாள். கண்ணை எடுக்காமல் முழுதையும் குடித்தாள், அண்ணாந்துகூடக் குடிக்கவில்லை, வாய் வைத்தே குடித்தாள். "இன்னொரு டம்ளர் குடு, தாகம்" என்றாள்.

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு எரிச்சல்தான் மிச்சம்.

ஏப்ரல் 3

இன்று அரிசியும் பருப்பும் சாதம் கட்டிக்கொண்டு போனேன். கொஞ்சம் அதிகமாகிவிட்டது, வீணாக்குவானேன் என்று அவளுக்கும் கொடுத்தேன்.

பஸ்ஸில் அவளாகவே பேச்சை எடுத்தாள். மருமகளிடமிருந்து மாத்திரையை எப்படி மறைக்கிறாள் என்று அவளுக்கு ஒரே பெருமை. "கர்ப்பப்பை எடுத்ததுல இருந்து எலும்பு டாக்டரு கால்சியம் மாத்திரை குடுத்திருக்குறாரு இல்ல, அந்த டப்பாவை வீட்டுல ஒருத்தரும் தொட மாட்டாங்க. இதையும் அதுக்குள்ளயே கொட்டி வெச்சுட்டேன். விடியக்காலம் எந்திரிச்சதும் வெறும் வயித்துல ரெண்டையும் ஒண்ணா வாயில போட்டு ஒரு மடக்குத் தண்ணி. எவளுக்குத் தெரியும்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மேடம் ஒண்ணும் சொல்லலீங்களா?"

"அந்தம்மா என்னென்னமோ சொல்லுச்சு. யாராச்சும் தெரிஞ்சவங்க வந்துருவாங்களோன்னு எனக்கு வாசல் மேலயே கண்ணு. வேற மாத்திரை சாப்பிடறீங்களான்னு கேட்டுச்சு. இல்லைன்னுட்டேன். எதுக்கு வம்பு?"

சொல்ல வாயெடுத்தேன். அப்போது அவள், "நானெல்லாம் மறைக்கத் தெரிஞ்சவ வசந்தா. உனக்குத்தான் அன்னைக்கு மறைக்கத் தெரியலை" என்றாள். சிரித்தாள்.

வாயை மூடிக்கொண்டேன்.

ஏப்ரல் 4

அவள் தப்பு அது. மேடம் சொன்னதைக் காதில் வாங்காதது அவள். நான் அவளுக்கு மாத்திரை கொடுக்கவில்லை, பிடுங்கவும் இல்லை. சும்மா இருக்கிறேன். சும்மா இருப்பது குற்றமா?

மே 8

ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். அன்றைக்குச் செய்தது தப்பு என்று அவள் வாயால் ஒரு வார்த்தை வரட்டும். அந்த நிமிடமே சொல்லிவிடுகிறேன். எனக்கு அவள் சாக வேண்டாம். அந்த ஒரு வார்த்தை வேண்டும், அவ்வளவுதான்.

இன்று எவ்வளவோ தூண்டிப் பார்த்தேன். கருமாதி, கூடம், பாய் என்று நானே பேச்சை இழுத்தேன். "அதெல்லாம் பழைய கதை, இப்ப எதுக்கு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சரி. எனக்கொன்றும் அவசரமில்லை.

ஜூன் 5

என் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைவாக இருக்கிறது. ஒற்றை மாத்திரை ஒழுங்காக வேலை செய்கிறது. மேடத்துக்கு என்னைவிடச் சந்தோஷம். "இனிமே மாசாமாசம் அலைய வேண்டாம் வசந்தாமணி. மூணு மாசத்துக்கும் சேர்த்துத் தந்துடறேன்" என்றார்.

பட்டறையில் ஒருநாள் சம்பளம் போகாது. பஸ் அலைச்சல் கிடையாது. வருடக்கணக்காக இதற்குத்தான் ஏங்கினேன்.

"வேண்டாங்க மேடம், மாசம் ஒருக்காவே வர்றேன்" என்றேன். "வீட்டுல வெச்சா எலி கடிச்சுரும்." வாயில் வந்த பொய் அது. மேடம் ஒருமாதிரிப் பார்த்தார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் அக்கா படுகிற பாட்டை யார் பார்ப்பது? அதற்காகத்தான்.

ஜூலை 3

அக்கா இளைத்துவிட்டாள். ரவிக்கை தோளில் நிற்கவில்லை. வாயெல்லாம் புண், காரம் தாங்க முடியவில்லை என்றாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த தடவை தயிர்ச்சோறு கட்டிக்கொண்டு போகலாம். மிளகாய் இல்லாமல்.

ஆகஸ்ட் 7

அக்காவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. வைரஸ் குறையவே இல்லை. நான் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், எல்லாம் கேட்டது.

"விட்டு விட்டுப் போடறீங்களாம்மா? கோவிச்சுக்க மாட்டேன், உண்மையைச் சொல்லுங்க."

"ஒருநாளும் விட்டதில்லைங்க. என்ற புள்ள மேல சத்தியமாங்க."

"வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?"

"இல்லைங்க."

எனக்குள் ஒருத்தி எழுந்து கதவைத் தட்டப் போனாள். இன்னொருத்தி அவளைப் பிடித்து உட்காரவைத்தாள். இரண்டாவதாக வந்தவளுக்குத்தான் பலம் அதிகம்.

மூன்று மாதம் ஒழுங்காகப் போடச் சொல்லியிருக்கிறார்கள். நவம்பரில் திரும்ப ரத்தம் எடுப்பார்களாம். அப்போதும் குறையவில்லை என்றால் டாக்டர் மருந்தை மாற்றுவார். அது நாலைந்து மாத்திரை, காலையும் ராத்திரியும். நான் இறக்கிவைத்த மூட்டையை அவள் தூக்கப்போகிறாள். டப்பா டப்பாவாக வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். மருமகள் திறந்து பார்க்கட்டும்.

பஸ்ஸில் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எழுப்பவில்லை. தோள் மரத்துப்போனது.

ஆகஸ்ட் 8

சாப்பிடப் பிடிக்கவில்லை. மாத்திரையால் அல்ல.

செப்டம்பர் 4

இன்றும் அந்த வார்த்தை வரவில்லை. மலையேறி அர்த்தநாரீஸ்வரரிடம் வேண்டிக்கொண்டாளாம். ஏறும்போது நாலு இடத்தில் உட்கார்ந்தாளாம். சாமியிடம் கேட்கத் தெரிகிறது, பக்கத்தில் இருக்கிற என்னிடம் கேட்கத் தெரியவில்லை.

கிழவி போலிருக்கிறாள். என்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவள்.

அக்டோபர் 2

காந்தி ஜெயந்தி. நேற்றே போய் வாங்கிவந்துவிட்டேன். அக்கா வரவில்லை. காய்ச்சல் என்று போன் செய்தாள்.

பஸ்ஸில் கர்ச்சீப் போட்டு இடம் பிடித்த பிறகுதான் அவள் இல்லை என்பது நினைவு வந்தது. பழக்கதோஷம்.

அக்டோபர் 19

நாளைக்குத் தீபாவளி. போன் செய்து அவளிடம் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை எண்ணை அழுத்தி மூன்று தடவையும் துண்டித்தேன். அவள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவள்தான் முதலில் சொல்ல வேண்டும். செய்தவள் அவள்.

நவம்பர் 6

மெதுவாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்குச் சாதகமாக எழுதிவிடுவேன்.

அக்காவுக்கு ரத்தம் எடுத்து முடித்து வெளியே வந்தோம். சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் ஆள் இல்லை. திடீரென்று என் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"குறிகாரன்கிட்டப் போனேன் வசந்தா. வயிறெரிஞ்சு வீட்டை விட்டுப் போன பொம்பளை ஒருத்தி வெச்ச சாபம், அதுதான் எந்த மருந்தையும் வேலை செய்ய விடாமப் பண்ணுதுன்னுட்டான். நான் உனக்குப் பண்ணுனது பாவம். கருமாதி வீட்டுல அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. உன்ற பாயைக் கொளுத்தியிருக்கக் கூடாது. தப்பு, தப்பு, தப்பு. சாபத்தை எடுத்துரு சாமி. நான் இன்னும் கொஞ்ச நாளு இருந்துக்கறேன்."

வந்துவிட்டது. கேட்ட வார்த்தை ஒன்றுக்கு மூன்றாக வந்துவிட்டது. இதற்காகப் பதினொரு வருடம் காத்திருந்தேன். குளிர்ந்துபோகும் என்று நினைத்தேன். ஒன்றும் குளிரவில்லை. சாபத்துக்குப் பயந்து கேட்கிறாள். நான் சாபமே விட்டதில்லை. குறிகாரன் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறான்.

"எந்திரிங்கக்கா. சாபமும் இல்லை, கீபமும் இல்லை. அந்தக் கால்சியம் மாத்திரைதான்."

புரியாமல் பார்த்தாள். அவள் பையிலிருந்து டப்பாவை வாங்கி என் முந்தானையில் கொட்டினேன். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினேன். இரண்டும் வயிற்றுக்குள் ஒட்டிக்கொள்வதை, மருந்து சேராமலே போவதை, நேரம் பிரித்துப் போட வேண்டியதை, மேடம் எனக்குச் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. சாகமாட்டோம் என்று ஒருத்திக்குத் தெரியவரும்போது முகம் எப்படி இருக்கும் என்று இன்றுதான் பார்த்தேன். அழகாக இருந்தது.

பிறகு கேட்டாள். "உனக்கு இது எப்பத் தெரியும்?"

இன்றுதான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள், என்னைக் கும்பிட்டிருப்பாள். ஆனால் எனக்கு அவள் கும்பிடு வேண்டியிருக்கவில்லை. என்னிடம் செய்ததற்கு என்ன விலை என்று அவள் தெரிந்துகொள்ள வேண்டும். கோபம் அப்போதும் போகவில்லை.

"பஸ்ஸுல நீங்க சொன்ன அன்னைக்கே தெரியும்."

காலைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

"என்ற மேல அத்தனை கோவமா வசந்தா?"

"ஆமாங்க்கா."

"அப்பறம் எதுக்கு மாசாமாசம் சோறு கட்டிக் கொண்டாந்து குடுத்த?"

முந்தானையில் பிரித்துவைத்த மாத்திரைகளைத் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து அவள் பையில் வைத்தேன்.

நானே மேடத்திடம் கூட்டிப்போய்க் கால்சியம் விஷயத்தைச் சொன்னேன். மேடம் தலையில் கைவைத்துக்கொண்டார். மாத்திரையை மாற்ற வேண்டாம், இதையே நேரம் பிரித்துக் கொடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இது, மதியம் அது. எனக்கு எப்போது தெரியும் என்பதை அக்கா மேடத்திடம் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நான் போவதற்குள் அவள் முந்தின பஸ்ஸில் போய்விட்டாள்.

டிசம்பர் 4

வரிசையில் நின்றாள். "அக்கா" என்றேன். திரும்பவில்லை. உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது.

கட்டிக்கொண்டுபோன சோற்றைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

ஜனவரி 1

புது வருடம். முதலாளி புது டைரி கொடுத்தார். இதிலேயே பின்னால் சில பக்கங்கள் மீதமிருக்கின்றன, முடியட்டும்.

பிப்ரவரி 5

அக்காவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது. மேடம் என்னிடம் சொல்லித்தான் தெரியும். "உங்க அக்காவுக்கும் இனிமே மூணு மாசத்துக்கு ஒருதடவை வந்தாப் போதும். உங்களுக்கும் இந்தத் தடவை சேர்த்தே தந்துடட்டுமா? எலி ஒண்ணும் கடிக்காதே?" என்று கேட்டார். கொடுங்கள் என்றேன். இருவருக்கும் ஒரே மாத்திரை, ஒரே அளவு டப்பா.

பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்தில் கர்ச்சீப் போட்டேன். அக்கா ஏறினாள். என்னைப் பார்த்தாள், கர்ச்சீப்பைப் பார்த்தாள். என்னைத் தாண்டிப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்ற இடமெல்லாம் நிரம்பிவிட்டது.

கண்டக்டர் சொன்னார், "அம்மா, அங்க ஒரு சீட்டு காலியாத்தானே இருக்குது, போய் உக்காருங்க."

"வேண்டாங்க. நான் நின்னுக்கறேன்."

கருமாதி அன்று என் பாயிலிருந்து எழுந்தபோது, பக்கத்தில் இருந்தாலே நான் அவளைச் சாகடித்துவிடுவேன் என்று பயந்தாள். அது பொய். அந்தப் பொய்யை நினைத்து நினைத்து எத்தனையோ வருடம் வெந்தேன். இன்றைக்கும் அவளுக்கு அதே பயம்தான். இன்றைக்கு அது பொய் இல்லை. அதை நிஜமாக்கியவள் நான். அவளைக் குறை சொல்ல என்னிடம் இப்போது ஒன்றும் இல்லை.

ஆற்றுப்பாலத்தில் பஸ் ஊர்ந்தது. அவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். கால் மாற்றி மாற்றி நின்றாள். நான் எழுந்து இடம் கொடுத்தாலும் உட்கார மாட்டாள் என்று தெரியும். இருந்தும் எழுந்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்ப உட்கார்ந்தேன்.

பள்ளிபாளையத்தில் ஏறிய ஒரு பெண், "இங்க ஆள் வருதுங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிக் கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டேன்.